பழைய அச்சுப்பொறியும் தமிழ் எழுத்துருவும்

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான கரையோர ஊர்களில் பள்ளிவாசல் நிர்வாக சபை, மத்ரஸா, பாடசாலை, விளையாட்டுக் கழகம் என எந்த அமைப்பை எடுத்துக்கொண்டாலும், ஒரு கணினியும் அச்சுப்பொறியும் அங்கு இருப்பது வழமையாகிவிட்டது. பாலமுனை போன்ற சிற்றூர்களும் இதற்கு விலக்கல்ல. இவற்றுள் சில மிகப் பழைய பொறிகள். அவற்றில் தமிழை அச்சிட எழுத்துருக் கார்ட்ரிட்ஜ் உகந்ததா, கணினியிலிருந்து இறக்கப்படும் எழுத்துரு உகந்ததா என்ற வினா எழுவது இயல்பே.

இங்கு கார்ட்ரிட்ஜ் எனப்படுவது மை நிரப்பிய கொள்கலன் அன்று. எழுத்து வடிவங்களை நிரந்தரமாகப் பதித்து, பொறியின் துளையிற் செருகுவதற்கென விற்கப்பட்ட சிறு பெட்டியே அது. 1984இல் ஹியூலெட் பக்கார்ட் நிறுவனம் வெளியிட்ட முதலாவது லேசர்ஜெட், புதிய எழுத்துருக்களை இப்பெட்டியின் மூலம் மட்டுமே ஏற்றது. மறு ஆண்டு வந்த லேசர்ஜெட் பிளஸ், கணினியிலிருந்து அனுப்பப்படும் எழுத்துருக்களையும் ஏற்கத் தொடங்கியது.

இரண்டுக்கும் நிறைகளும் குறைகளும் உண்டு. கார்ட்ரிட்ஜ் பொறியின் நினைவகத்தைப் பிடிப்பதில்லை. மின்சாரம் தடைப்பட்டாலும் எழுத்து அழிவதில்லை. ஆனால் அதிலுள்ள எழுத்துகளையும் அளவுகளையும் தவிர வேறெதையும் பெற முடியாது. இறக்கப்படும் எழுத்துருவோ விரும்பிய வடிவத்தைத் தரும். எனினும் அது நினைவகத்தில் இடம்பிடிப்பதுடன், பொறியை நிறுத்தியதும் மறைந்துவிடும். மீண்டும் அனுப்பியாக வேண்டும்.

தமிழைப் பொறுத்தவரை விடை தெளிவானது. அக்காலக் கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் உரோமன் எழுத்துகளுக்காகவே உருவாக்கப்பட்டவை. ஆங்கிலக் கடிதத்திற்கும் கணக்குப் பட்டியலுக்கும் அவை போதும். தமிழுக்குக் கணினி எழுத்துருவே வழி. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் ட்ரூடைப் எழுத்துருக்கள் வந்த பின்னர், எழுத்தை எந்த அளவிலும் வரைந்து அனுப்பும் பொறுப்பைக் கணினியே ஏற்றுக்கொண்டது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. பக்கம் முழுவதும் படமாக அனுப்பப்படுமாயின், அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற தரத்தில் ஓர் ஏ4 தாளுக்கு ஏறத்தாழ ஒரு மெகாபைட் நினைவகம் வேண்டும். 1987இல் வந்த லேசர்ஜெட் இரண்டாம் வரிசைப் பொறியில் இருந்ததோ அரை மெகாபைட் மட்டுமே. பக்கத்தின் பாதி ஒரு தாளிலும் மீதி மறு தாளிலும் விழுவது இதனாலேயே. பொறி பழுதடைந்துவிட்டதென எண்ண வேண்டியதில்லை. தரத்தை 150 புள்ளிகளாகக் குறைத்தால் நாலில் ஒரு பங்கு நினைவகமே போதும்.

ஆயினும், பொறியைவிட முக்கியமானது கோப்பாகும். எமது நாட்டில் பரவலாகப் பயன்படும் பாமினி எழுத்துரு, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. அதில் 'தமிழ்' எனத் தட்டச்சு செய்தால், கோப்பில் உண்மையில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு இல்லாத கணினியில் நிக்காஹ் பதிவும் வக்பு சொத்து விபரமும் வெறும் ஆங்கிலக் குழப்பமாகவே தோன்றும்.

1991 முதல் யூனிகோட்டில் தமிழுக்குத் தனியிடம் உண்டு. இலங்கையிலும் 2008இல் எஸ்.எல்.எஸ். 1326 என்னும் தமிழ் நியமம் வெளியிடப்பட்டது. யூனிகோட் கோப்பில் தமிழும் அறபும் ஒரே பக்கத்தில் தத்தம் அடையாளத்துடன் நிற்கும். பாமினிக் கோப்புகளை மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றிய பின் ஹஜ், ஸகாத், ஷஃபான் போன்ற சொற்களையும் ஆட்பெயர்களையும் ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். பெயரில் ஓரெழுத்துப் பிழைத்தாலும் பின்னர் அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியவர் அப்பெயருக்குரியவரே.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடற்கோளில் ஆவணங்களை இழந்து தவித்த கரையோரம் இது. கடலுக்குத் தப்பிய பதிவுகளை ஓர் எழுத்துரு இல்லாமையால் இழந்துவிடலாகாது. பழைய பொறி இயங்கும்வரை இயங்கட்டும். கோப்புகளை யூனிகோட்டுக்கு மாற்றும் பணியை நிர்வாக சபைகள் இப்போதே தொடங்க வேண்டும்.