உப்பு பார்க்க வேண்டிய நேரம்

எப்படி இயங்குகிறது? – ஸ்பெஷலிஸ்ட் டாக்டர் உருவாகும் விதம்

தை 5-ஆம் நாள் ஆற்றுத் திருவிழாவில் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைத் தென்பெண்ணைக்கு வருவார். அன்றைய அன்னதானச் சமையலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்த பையன் முதலில் காய் நறுக்குவான். பிறகு கிளறுவான், மாஸ்டர் பக்கத்திலேயே நிற்பார். அடுத்த கட்டத்தில் சாம்பாரை அவனே தாளித்து இறக்குவான். மாஸ்டர் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருப்பார். லட்டுக்குப் பாகு எடுக்க மட்டும் விடமாட்டார். சாம்பாரில் தேறியவனுக்குப் பாகுப் பதம் தெரியும் என்று யார் சொன்னது?

எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி., எம்.எஸ். என்ற மேற்படிப்பில் (பி.ஜி.) சேர்பவரின் 3 ஆண்டுகளும் இப்படித்தான் போக வேண்டும். ஒவ்வொரு சிகிச்சையையும் முதலில் பார்ப்பார், உதவுவார், மேற்பார்வையில் செய்வார், கடைசியில்தான் தனியாகச் செய்வார். எல்லாம் லாக் புக் என்ற பதிவேட்டில் ஏறும். எத்தனையாவது வருஷம் என்பதைவிட எந்த வேலை என்பதே முக்கியம். இந்த வேலையை இவரிடம் விட்டுவிட்டு நகரலாமா என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக முடிவெடுக்கும் முறையை நெதர்லாந்தின் ஒல்லே டென் காட்டே 2005-இல் வகுத்துச் சொன்னார். நம் மாஸ்டர்களுக்கு அது முன்பே தெரியும்!

அடுத்தது உப்பு பார்ப்பது. அடுப்பில் இருக்கும்போது பார்த்தால் சரிசெய்யலாம். பந்தியில் தெரிந்தால் போச்சு. பி.ஜி. டாக்டர் ஒரு நோயாளியைப் பரிசோதிப்பதை, அவருக்குப் பொறுப்பான மூத்த டாக்டரான சீஃப் கால் மணி நேரம் நின்று பார்த்து, அங்கேயே திருத்துவது இதற்காகத்தான். “நல்லாத்தான் பண்றேப்பா” என்றால் யாருக்கும் பயனில்லை. “வலிக்கிற இடத்துலயே முதல்ல கை வச்சுட்டே, அவர் வயித்தை இறுக்கிக்கிட்டார். தள்ளி ஆரம்பிச்சு அங்க கடைசியா வா” என்றால் அடுத்த நோயாளியிடமே கை மாறும். வருஷக் கடைசியில் லாக் புக்கில் மொத்தமாகப் போடும் கையெழுத்து எதையும் திருத்தாது.

உண்மையான சோதனை ராத்திரி 2 மணிக்கு. சீஃப் வீட்டில், டியூட்டி பி.ஜி. வார்டில். கரண்டியால் அடி வாங்கிய பையன், அண்டா அடிப்பிடிப்பதை மாஸ்டரிடம் சொல்லமாட்டான். தண்ணீர் ஊற்றி மறைப்பான். திட்டுக்குப் பயந்து போன் பண்ணத் தயங்கும் வார்டிலும் அதுவே நடக்கும், நோயாளியின் உடம்பில். எந்நேரமும் கூப்பிடலாம் என்ற தைரியத்தைத் தராத சீஃப், எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், என் கணக்கில் மேற்பார்வையாளர் அல்ல.

படிப்பின் நடுவே 3 மாதம் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் திட்டமும் உண்டு. சொந்த சீஃப் தூரத்தில். அங்குள்ள மூத்தவர்தான் ருசி பார்க்க வேண்டும்.

மணலூர்பேட்டைக்காரர்கள் திருவண்ணாமலை, முண்டியம்பாக்கம், சிறுவங்கூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகும்போது ஒன்று செய்யலாம். இளம் டாக்டர் கேட்டதையே பெரிய டாக்டர் வந்து மறுபடி கேட்டால், அதுவும் உப்பு பார்ப்பதுதான். சலித்துக்கொள்ளாதீர்கள், முழுசாகச் சொல்லுங்கள்.