வேரடியில் உழைப்போர்

குளிர்காலத்தில் தில்லி போன்ற வட இந்திய நகரங்களில் பச்சைக் கொண்டைக்கடலையைச் செடியோடு கட்டுக்கட்டாக விற்பதை நீங்கள் கண்டிருக்கலாம். வேர் அறுபடாத செடி ஒன்று கிடைத்தால் மண்ணை மெல்லக் கழுவிப் பாருங்கள். வேர்களில் சிறுசிறு முடிச்சுகள் தென்படக்கூடும். நோயால் வந்த கட்டிகளோ என ஐயுற வேண்டா. ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றினால், அம்முடிச்சு உயிர்ப்போடு உழைக்கிறது என்று பொருள். நம் குருதிக்குச் செந்நிறம் தரும் பொருளை ஒத்த ஒன்று அங்கும் உள்ளது!

அம்முடிச்சுகளில் குடியிருப்பவை ரைசோபியம் வகை நுண்ணுயிரிகள். காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும், செடியால் அதனை நேரே பயன்படுத்த இயலாது. உர ஆலைகள் மிகுந்த வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொண்டு செய்யும் வேலையை இந்நுண்ணுயிரிகள் ஓசையின்றிச் செய்து, செடிக்குத் தழைச்சத்தை அளிக்கின்றன. கைம்மாறாகச் செடி அவற்றுக்கு உணவு வழங்குகிறது. 1888ஆம் ஆண்டில் நெதர்லாந்து அறிஞர் பெய்ஜரிங்க் இவற்றைத் தனியே பிரித்தெடுத்தார். பயறு விளைந்த நிலத்தில் அடுத்த பயிர் செழிக்கும் என்பதை உழவர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர்.

நெல்லுக்கும் கோதுமைக்கும் இத்தகைய முடிச்சுகள் இல்லை. அவற்றின் வேர்களை அண்டி வாழ்வது அசோஸ்பைரில்லம். இது சிறிதளவு தழைச்சத்தைத் தருவதோடு, ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனையும் சுரக்கிறது. அதனால் பக்கவேர்களும் வேர்த்தூவிகளும் பெருகி, நீரையும் சத்தையும் கூடுதலாக ஈர்க்கின்றன. இட்ட உரம் வீணாவதும் குறைகிறது. யூரியாவை அளவின்றி இட்டால், எஞ்சியதில் ஒரு பகுதி கரைந்து நிலத்தடி நீரில் கலக்கும். பலர் குடிப்பதும் அந்நீரையே.

ஹார்மோன் மிகுந்தால் விளைச்சலும் மிகும் என எண்ணலாகாது. ஜப்பானில் 'பேதை நாற்று' என்றொரு நெற்பயிர் நோய் உண்டு. நாற்றுகள் மளமளவென உயரும். பின்பு மெலிந்து சாயும். பூஞ்சை ஒன்று வெளிவிடும் பொருளே இதற்குக் காரணம் என 1926இல் குரோசாவா என்னும் அறிஞர் கண்டறிந்தார். அப்பொருளே ஜிப்ரெல்லின். அதனையே இன்று நாசிக் பகுதி உழவர்கள் அளவறிந்து தெளித்து, விதையில்லாத் திராட்சையைப் பருக்கச் செய்கின்றனர்.

நுண்ணுயிர் உரம் மாயமருந்தன்று. யூரியாவைப் போல் சில நாள்களில் பயிரைப் பச்சையாக்கிக் காட்டாது. கொண்டைக்கடலைக்கு ஏற்ற ரைசோபியம் நிலக்கடலைக்குப் பொருந்தாது. எனவே பயிருக்குரிய பொட்டலத்தைத் தேர்ந்து, காலாவதி நாளைப் பார்த்து வாங்குதல் வேண்டும். ஆறிய அரிசிக் கஞ்சியில் அதனைக் குழைத்து, விதைகளின்மீது சீராகப் படியுமாறு கலப்பர். பின்பு நிழலில் உலர்த்தி, காலம் தாழ்த்தாது விதைப்பர். வெயிலில் உலர்த்தினாலோ நுண்ணுயிரிகள் மடியும். விதையில் ஒட்டியிருப்பது வெறும் தூளே.