மருந்தில்லை என்றால் ஆஸ்பத்திரி எதற்கு?

2014 ஆகஸ்ட் 17 அன்று லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு ‘எல்வா 3’ என்ற எபோலா சிகிச்சை முகாமைத் திறந்தது. சீக்கிரமே இடமில்லாமல் போனது. ஒரு கட்டத்தில் தினமும் காலையில் அரை மணி நேரம்தான் கேட் திறந்தது. இரவில் இறந்தவர்களால் காலியான படுக்கைகளுக்கு மட்டும் ஆள் எடுத்தார்கள். மற்றவர்கள் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினார்கள். அந்த நாட்களில் ஊரெங்கும் கண்ணில் பட்ட வாசகம்: ‘எபோலா உண்மை.’

அதை எழுதியவர்களிடம் ஒரு கணக்கு இருந்தது. ஜனங்கள் நோயை நம்பவில்லை, நம்பிவிட்டால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுவார்கள். கொள்ளைநோய் வந்தால் அதிகாரிகள் முதலில் போடுகிற கணக்கு இதுதான். 1896 அக்டோபரில், பிளேக் பரவிய பம்பாயில், ஆர்தர் ரோடு ஆஸ்பத்திரியைத் தாக்கிய மில் தொழிலாளர்களைச் சென்ற வாரம் பார்த்தோம். அவர்களையும் விவரம் தெரியாத கூட்டம் என்று சொல்லித்தான் கோப்பை மூடினார்கள்.

அதே 2014 ஆகஸ்டில், பக்கத்து நாடான சியரா லியோனில் யுனிசெஃப் உள்ளிட்ட அமைப்புகள் வீடு வீடாகப் போய் ஒரு கணக்கெடுப்பு நடத்தின. எபோலா பற்றி என்ன தெரியும், என்ன நினைக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தார்கள். தங்கள் நாட்டில் அது இருக்கிறது என்பதையும் நம்பினார்கள். ஆனால் கொசு கடித்தால் வரும், காற்றில் பரவும், உப்புப் போட்ட வெந்நீரில் குளித்தால் வராது என்று நினைத்தவர்களும் நிறையப் பேர். பிழைத்து வந்தவரின் கடையில் காய்கறி வாங்குவீர்களா என்று கேட்டபோது, மாட்டோம் என்று பலர் சொன்னார்கள். ஆக, நம்பிக்கைக்குப் பஞ்சமில்லை. விவரம்தான் அரைகுறை.

அந்த அரைகுறையில் பாதி, மேலிருந்து வந்தது. ஆரம்ப காலப் பிரசாரம் இரண்டு விஷயங்களை ஓங்கிச் சொன்னது. எபோலாவுக்கு மருந்தும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது. காட்டு விலங்குகளின் இறைச்சியையும் வௌவாலையும் சாப்பிடாதீர்கள். முதலாவது அன்றைய நிலையில் உண்மை. கேட்டவர்கள் அதிலிருந்து நியாயமான ஒரு முடிவுக்கு வந்தார்கள்: மருந்தில்லை என்றால் ஆஸ்பத்திரி எதற்கு? சாகிறவர் நம் கையில் சாகட்டும். உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டாலே பிழைக்கும் வாய்ப்பு கூடும் என்ற செய்தி பின்னால்தான் வந்தது. இரண்டாவது செய்தி இன்னும் மோசம். தாத்தா காலத்திலிருந்து சாப்பிடும் இறைச்சி திடீரென்று கொல்லும் என்றால் யார் நம்புவார்கள்? அதற்குள் நோய் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவிக்கொண்டிருந்தது.

பரவிய இடங்களில் முக்கியமானது சாவு வீடு. எபோலாவில் இறந்தவரின் உடலில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். குளிப்பாட்டி, உடுத்தி, தொட்டு வழியனுப்புகிற ஊர்களில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. சியரா லியோனின் கைலாஹுன் மாவட்டத்தில் சொகோமா என்றொரு சிற்றூர். கினி எல்லையைத் தாண்டி வந்த நோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த நாட்டு வைத்தியப் பெண் ஒருவர் அங்கே இறந்தார். அவர் சாவுக்கு வந்த பெண்கள் பலர் நோயோடு ஊர் திரும்பினார்கள். அந்நாட்டில் நோய் பற்றிப் பரவியது அங்கிருந்துதான். கினியில் சுமார் 60 சதவீதம் நோயாளிகளுக்கு இறுதிச் சடங்கோடு தொடர்பு இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

லைபீரிய அரசு இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டது. ஆகஸ்டில், மன்ரோவியாவில் இறப்பவர்களை எரிக்க உத்தரவிட்டது. எரித்த இடம், அங்கே வாழும் இந்தியர்கள் தங்களுக்காகக் கட்டிய தகன மேடை. நமக்கு எரிப்பது முறை. அவர்களுக்கு அது ஆளையே இல்லாமல் செய்வது. லைபீரியாவில் மார்ச் மாதம் இரண்டாவது புதன்கிழமை அரசு விடுமுறை. குடும்பத்தோடு போய்க் கல்லறையைத் துப்புரவாக்கி, வெள்ளையடித்து, பூ வைக்கும் நாள். கல்லறையே இல்லாதவரை எங்கே போய்ப் பார்ப்பது? விளைவு, ஜனங்கள் நோயாளியை மறைத்தார்கள், பிணத்தை ராத்திரியோடு ராத்திரியாகப் புதைத்தார்கள். நோயை அடக்கப் போட்ட உத்தரவு நோயை வீட்டுக்குள் ஒளித்து வைத்தது. டிசம்பரில் மன்ரோவியாவுக்கு வெளியே டிஸ்கோ ஹில் என்ற இடத்தில் மயானம் ஏற்பாடான பிறகுதான் எரிப்பது நின்றது.

உலக சுகாதார நிறுவனம் பாதுகாப்பும் மரியாதையும் கூடிய அடக்கத்துக்கான விதிமுறையை நவம்பரில் வெளியிட்டது. படித்துப் பார்த்தால் பெரிய விஞ்ஞானம் எதுவும் இல்லை. அடக்கக் குழு கவச உடையோடு வந்து இறங்கக் கூடாது. சாதாரண உடையில் வந்து, துக்கம் விசாரித்து, நடக்கப்போவதைக் குடும்பத்துக்கு விளக்கிச் சம்மதம் வாங்கிய பிறகே கவச உடையை அணிய வேண்டும். இமாமோ பாதிரியாரோ ஜெபிக்க நேரம் விட வேண்டும். குழியில் பெயர் எழுதி வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்து, அந்தப் பிரசாரத்தில் எந்தச் சுவரொட்டியும் இந்தச் சில வரிகள் அளவுக்கு வேலை செய்யவில்லை.

ஊர் வழக்கத்தோடு ஒத்துப்போவது புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. 2000-ல் உகாண்டாவின் குலு பகுதியில் எபோலா வந்தபோது, அச்சோலி மக்களிடம் ‘கெமோ’ என்னும் கொள்ளை நோய்க்கான ஊர்க்கட்டுப்பாடு ஏற்கெனவே இருந்தது. நோயாளியின் வீடு மற்ற வீடுகளிலிருந்து நூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். வாசலில் யானைப்புல் கழிகளை நட்டு அடையாளம் வைக்க வேண்டும். ஏற்கெனவே நோய் வந்து பிழைத்தவர் பணிவிடை செய்ய வேண்டும். குணமானவரும் ஒரு மாதம் ஒதுங்கியிருக்க வேண்டும். மானிடவியலாளர் பாரி ஹ்யூலெட் அங்கே போய் விசாரித்து இதை எழுதி வைத்தார். 2003-ல் அச்சிலும் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா உறுதியானது 2014 மார்ச்சில், மரியாதையான அடக்கத்துக்கு விதி வந்தது நவம்பரில். மொத்தம் 28,600-க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது, 11,300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

(தொடரும்)