காய்ச்சல் விட்ட பிறகு வரும் பயம்

2017 இன் தொடக்க மாதங்களில் கிண்ணியாவிலும் திருகோணமலை நகரைச் சுற்றியும் டெங்கு பரவியபோது அக்காவின் ஆறு வயது மகனும் வைத்தியசாலையில் கிடந்தான். நான்காம் நாள் காலை அவனுடைய உடம்பு குளிர்ந்திருந்தது. "தம்பி, காய்ச்சல் விட்டிட்டுது. இனி வீட்ட கொண்டு போகலாம்தானே?" என்று அக்கா கேட்டார். ஆனால் அன்றுதான் தாதியர்கள் அவனுடைய கட்டிலுக்கு அடிக்கடி வரத் தொடங்கினார்கள்.

டெங்கின் சிக்கலே இதுதான். காய்ச்சல் இறங்கும் வேளையில் சிலருக்குக் குருதிக் குழாய்களிலிருந்து திரவம் கசியத் தொடங்கும். அந்த 24 முதல் 48 மணித்தியாலங்கள்தான் ஆபத்தானவை. திரவம் குறைவாகக் கொடுத்தால் குருதியழுத்தம் விழும். கூடினால் நெஞ்சில் தேங்கி மூச்சு முட்டும். அதற்காகத்தான் சிறுநீரை அளக்கிறார்கள், திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறார்கள். இதை எவரும் அக்காவுக்குத் தமிழில் சொல்லவில்லை. விடுதியில் பேச்சு சிங்களத்தில், குறிப்புகள் ஆங்கிலத்தில். தமிழ் அரசகரும மொழியாகி அப்போது ஏறக்குறைய 30 வருடங்கள்.

அக்காவின் அந்த நிலையை அளக்க ஒரு வினாக்கொத்து இருப்பதைப் பின்னாளில்தான் வாசித்தேன். மெர்ல் மிஷெல் என்ற அமெரிக்கத் தாதியியல் ஆய்வாளர், வைத்தியசாலையில் இருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்காக 1983 இல் அதை வெளியிட்டார். மொத்தம் 31 கூற்றுகள். பிள்ளைக்கு என்ன நடக்கிறதென்று தெளிவாக இருக்கிறதா, சொல்லப்படுவது விளங்குகிறதா, போதிய தகவல் கிடைக்கிறதா, நாளைக்கு எப்படியிருக்கும் என்று ஊகிக்க முடிகிறதா என்ற நான்கு பக்கங்களை அவை தொடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு உடன்படுகிறார் என்பதைப் பெற்றோர் ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். கூட்டுத்தொகை கூடினால் நிச்சயமின்மையும் கூட.

மிஷெல் அளந்தது பயத்தை அல்ல. நடப்பதற்குப் பொருள் காண முடியாத நிலையை. நோய் கடுமையாக இருந்தும் விளக்கம் கிடைத்த தாய்க்கு அது குறைவாக இருக்கலாம். சாதாரண நோயிலும் எவரும் பேசாவிட்டால் அது உச்சத்துக்குப் போகலாம். நிச்சயமின்மை எப்போதும் கெட்டதல்ல என்றும் அவர் எழுதினார். கெட்ட முடிவு ஒன்றே எதிரே இருக்கையில், தெரியாமல் இருப்பதைச் சிலர் நம்பிக்கையாகப் பிடித்துக்கொள்வர். இதை நமக்கு ஒரு ஆய்வாளர் சொல்ல வேண்டியதில்லை. அதே 2017 பெப்ரவரியில்தான் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர்கள் கிளிநொச்சியில் வீதியோரம் குந்தினார்கள்.

ஆனால் அந்த 31 கூற்றுகளைத் தமிழாக்கினால் மட்டும் போதாது என்றே நினைக்கிறேன். சோதனைச் சாவடிகளில் வளர்ந்த நாம், சீருடைக்காரரிடம் கேள்வி கேட்கப் பழகவில்லை. "விளங்கிச்சுதா?" என்றால் "ஓம்" என்றுதான் வாயில் வரும். அக்காவும் அப்படித்தான் சொன்னார். தாளில் அது தெளிவு என்று பதிவாகும்.

அன்றிரவு தமிழ் தெரிந்த தாதி ஒருவர் வந்தார். காகிதத்தின் பின்பக்கத்தில் கோடு கீறி, காய்ச்சல் இறங்கும் இடத்தையும் ஆபத்து முடியும் இடத்தையும் காட்டினார்.

"அப்ப நாளையிண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் பாக்கவேணும், என்ன மிஸ்?" என்று கேட்டார் அக்கா. பிறகு என்னிடம் பேனையை வாங்கி, பிள்ளை குடித்த இளநீரின் அளவை எழுதத் தொடங்கினார்.