நிகழ்நேர வியூக விளையாட்டுகள் செல்வாக்கு இழந்தது ஏன்?

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும் வரை மற்றவர் காத்திருப்பார். அவ்வாறு முறை வைத்து ஆடாமல், இரு தரப்பினரும் ஒரே நேரத்தில் வளங்களைத் திரட்டி, கட்டடங்களை எழுப்பி, படை நடத்திப் போரிடும் கணினி விளையாட்டே நிகழ்நேர வியூக விளையாட்டு எனப்படுகிறது. 1992-இல் வெளியான 'டியூன் 2' இதற்கு இலக்கணம் வகுத்தது. 1998-இல் வந்த 'ஸ்டார்கிராஃப்ட்', ஆசிய நிதி நெருக்கடிக்குப் பின் தென்கொரியாவில் பெருகியிருந்த கணினி விளையாட்டுக் கூடங்களில் வேரூன்றி, தனித் தொலைக்காட்சி அலைவரிசைகள் போட்டிகளை நேரடியாக ஒளிபரப்பும் அளவுக்கு வளர்ந்தது. ஆனால், அதே நாட்டில் 2003 முதல் அணிகளுக்கிடையே நடந்துவந்த 'ஸ்டார்கிராஃப்ட்' போட்டித் தொடரான 'புரோலீக்' 2016-இல் நிறுத்தப்பட்டது.

இந்தச் சரிவுக்கு முதன்மையான காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. ஆட்டக்காரர் 'மேக்ரோ' எனப்படும் பொருளாதார, உற்பத்தி மேலாண்மையையும், 'மைக்ரோ' எனப்படும் ஒவ்வொரு படைப்பிரிவையும் நுணுக்கமாக நகர்த்தும் வேலையையும் ஒருங்கே செய்தாக வேண்டும். தேர்ந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிமிடத்திற்கு 300-க்கும் மேற்பட்ட கட்டளைகளை இடுகிறார்கள். ஒருவருக்கொருவர் மோதும் ஆட்டத்தில் தோல்வியைப் பகிர்ந்துகொள்ளத் தோழர் எவரும் இல்லாததால், புதியவர்கள் முதல் சில ஆட்டங்களிலேயே மனம் தளர்ந்து விலகிவிடுகிறார்கள்.

இச்சுமையைக் குறைத்த மாற்று, இவ்வகையின் உள்ளிருந்தே பிறந்தது. 'வார்கிராஃப்ட் 3' விளையாட்டுடன் வழங்கப்பட்ட களம் அமைக்கும் கருவியைக் கொண்டு ரசிகர்கள் உருவாக்கிய 'டோட்டா', கட்டடம் எழுப்புவதையும் வளத் திரட்டலையும் நீக்கி, ஐவர் கொண்ட அணியில் ஒவ்வொருவரும் ஒரே ஒரு நாயகனை மட்டும் இயக்கும்படி செய்தது. அவ்வழியில் 2009-இல் வந்த 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' இலவசமாகக் கிடைத்ததோடு, நாயகர்களுக்கான அலங்காரத் தோற்றங்களை விற்று வருவாயும் ஈட்டியது. சிறு உருவங்கள் பெருங்கூட்டமாக நகரும் வியூக விளையாட்டில், எதிரியின் படையைப் பார்த்தவுடன் இனங்காண வேண்டியிருப்பதால், அத்தகைய விற்பனைக்கு இடம் குறைவு.

சுட்டெலியை நம்பிய இயக்கமுறை கைப்பேசிக்கும் கன்சோலுக்கும் எளிதில் பொருந்தாததும் முதலீட்டைக் குறைத்தது. 'டியூன் 2'-ஐ உருவாக்கிய வெஸ்ட்வுட் 2003-இலும், 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' தொடரைப் படைத்த என்சம்பிள் 2009-இலும் மூடப்பட்டன. ஆழ்ந்த கைத்திறன் கொண்ட இவ்விரு குழுக்களும் கலைந்ததை இத்துறையின் பேரிழப்பு என்றே கொள்ள வேண்டும்.

ஆயினும், திட்டமிடலையும் வேகத்தையும் ஒருசேரச் சோதிக்கும் இவ்வகைக்கு ஈடான வேறொன்று இன்றுவரை உருவாகவில்லை. 1999-இல் வெளியான 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' இன்றும் ஆடப்படுகிறது. 2022-இல் அதன் புதுப்பிக்கப்பட்ட பதிப்புக்கு வந்த விரிவாக்கத்தில், உறுமி வாள் ஏந்திய வீரர்களைக் கொண்ட திராவிடர் படையும், இராசேந்திர சோழனின் படையெடுப்புகளைத் தழுவிய கதைப்பகுதியும் சேர்க்கப்பட்டன.