பேராம்பிராவில் ஒரு நைட் டூட்டி

கேரள நர்ஸ் லினியின் கடைசிக் கடிதத்தை எல்லோரும் படித்திருப்போம். 2018 மே மாதம், ஐ.சி.யு. படுக்கையில் கிடந்தபடி, பஹ்ரைனில் வேலை பார்த்த கணவருக்கு அவர் எழுதியது. பெயரோடு ‘ஏட்டா’ சேர்த்து அழைத்து, இனி உங்களைப் பார்க்க முடியாதென்று தோன்றுகிறது, மன்னியுங்கள் என்கிறார். பிள்ளைகளைக் கல்ஃபுக்குக் கூட்டிப் போங்கள், நம் அப்பாவைப் போலத் தனித்துப் போய்விடாதீர்கள் என்று முடிக்கிறார். மூத்தவனுக்கு 5 வயது, இளையவனுக்கு 2. அந்தக் கடிதம் வாட்ஸ்அப்பில் பறந்தது. அதை எழுதிய கை அதற்கு முன் செய்துகொண்டிருந்த வேலையைப் பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை.

கோழிக்கோடு மாவட்டம், பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரி. லினி அங்கே ஒப்பந்த நர்ஸ். மே மாதத் தொடக்கத்தில் பக்கத்துக் கிராமத்து இளைஞர் ஒருவர் காய்ச்சலோடு வந்து சேர்ந்தார். காய்ச்சல், வாந்தி, இருமல் என்று தாலுகா ஆஸ்பத்திரிக்கு வராத நோயாளியா? ஊசி போடுவது, வாந்தியைத் துடைப்பது, படுக்கை மாற்றுவது, இருமும்போது முதுகைத் தாங்கிப் பிடிப்பது. இதற்குத் தியாகம் என்று யாரும் பெயர் வைப்பதில்லை, டூட்டி என்பார்கள். வந்திருப்பது நிபா வைரஸ் என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத நோய்க்கு யார் கவச உடை மாட்டுவார்கள்?

அந்த இளைஞர் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு மே 5-ஆம் தேதி இறந்தார். அவருடைய அண்ணனும் அதே மாதிரி நோயில் விழுந்தபோதுதான் தனியார் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குச் சந்தேகம் தட்டியது. மணிப்பால், புனே ஆய்வகங்கள் பரிசோதித்து நிபா என்று உறுதி செய்தன. அதற்குள் லினிக்கும் காய்ச்சல் முற்றியிருந்தது. மே 21-இல் இறந்தார். உடலை வீட்டுக்குக் கொண்டுபோக வழியில்லை. கோழிக்கோடு மின்மயானத்திலேயே அவசரமாகத் தகனம் செய்துவிட்டார்கள்.

பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்த கிருமி என்று கண்டுபிடித்தார்கள். ஆனால் முதல் நோயாளிக்குப் பிறகு பெரும்பாலானோருக்கு அது தொற்றிய இடம் ஆஸ்பத்திரி. பேராம்பிரா வார்டு ஒன்று, மருத்துவக் கல்லூரியின் ஸ்கேன் அறைக்கு வெளியே ஜனம் நெருக்கியடித்து நின்ற வராந்தா இன்னொன்று. 17 பேர் போனார்கள். பிழைத்தவர்கள் இரண்டே பேர்.

நாடே லினிக்குக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில், அவரோடு வேலை பார்த்த நர்ஸ்களைப் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார விடவில்லை. பேராம்பிரா ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோக்காரர்கள் வர மறுத்தார்கள். செத்தவளைத் தேவதை ஆக்குவது சுலபம். உயிரோடு இருப்பவள் பக்கத்து சீட்டுக்கு வந்தால்தான் நமக்குக் கஷ்டம்.

கேரள அரசு கணவருக்கு வேலை கொடுத்தது, பிள்ளைகளுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் ஒதுக்கியது. மத்திய அரசு ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் விருது தந்தது. ஆஷிக் அபுவின் ‘வைரஸ்’ படத்தில் ரீமா கல்லிங்கல் அந்த நர்ஸாக நடித்தார். எல்லாம் சரி. உயிரோடு இருந்தவரை அவர் ஒப்பந்தப் பணியாளர்தானே? நாமும் யோக்கியமில்லை. லினி இறப்பதற்கு ஆறு மாதம் முன்புதான் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் நம்மூர் ஒப்பந்த நர்ஸ்கள் 7,700 ரூபாய் சம்பளத்தை எதிர்த்து உட்கார்ந்திருந்தார்கள். மாநிலம் மாறினாலும் மஸ்டர் ரோல் மாறுவதில்லை.

அடுத்த வருடம், 2019 ஜூனில், எர்ணாகுளத்தில் கல்லூரி மாணவர் ஒருவருக்கு நிபா வந்தது. இந்த முறை சுகாதாரத் துறை காத்திருக்கவில்லை. அவரோடு பழகிய ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கண்காணித்தார்கள். முதலில் அவரைக் கவனித்த நர்ஸ்களில் சிலருக்குக் காய்ச்சல் கண்டதும் உடனே தனி வார்டில் வைத்து ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். யாருக்கும் நிபா இல்லை என்று முடிவு வந்தது. மாணவரும் பிழைத்து வீடு திரும்பினார்.