நாடியில் முடி, கையில் வெடிப்பு: வெட்கப்பட ஒன்றுமில்லை



பீலியில் குளிக்கும்போதும், மலையில் நிரை பிடித்துக் கொழுந்து எடுக்கும்போதும் நாம் பேசாத கதை இல்லை. ஆனால் ஒரு விசயத்தை மட்டும் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகு நாடியிலும் மேலுதட்டிலும் முளைக்கிற முடியும், எண்ணெய் வைத்தாலும் வறண்டுபோகிற தோலும்தான் அது. பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிற நான், மிஸ்ஸியிடமும் டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கு எழுதுகிறேன். கேட்க வைத்தது என் அக்காவின் கதை.

அக்கா தோட்டத்து லயத்தில் பிறந்தவர். கலியாணம் முடித்துத் திருகோணமலை மாவட்டத்தில், மூதூர்ப் பக்கம் இருக்கிற கிளிவெட்டிக்குப் போனார். வயல் வேலை செய்கிற ஊர். அங்கே ஆடி மாதத்தில் கச்சான் காற்று வீசும். அந்தக் காற்றுக்கு உதடு வெடிக்கும், கை கால் சாம்பல் பூத்தது போலாகும். மகளின் கலியாணப் பேச்சுக்காக நான் அங்கே போயிருந்தேன். வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டேதான் பேசினார். இரவு பாயில் படுத்ததும் கேட்டேன்.

“என்னக்கா, பல்லு வலியா?”

“பல்லு இல்ல தங்கச்சி. நாடியில முடி முளைக்குது. ஆம்பள மாதிரி ஆயிட்டேன். கலியாணத்தண்ணைக்கு நான் அடுப்படியிலயே இருந்துக்கிறேன். சபைக்கு வரமாட்டேன்.”

விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். முடி கொஞ்சம்தான். ஆனால் முகம் சிவந்து, தோல் மெலிந்து, சின்னச் சின்னப் பருக்களோடு இருந்தது. “என்ன பூசினீங்க?” என்று கேட்டால், ஒரு சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். பெயரில்லை, என்ன மருந்து என்று எழுதவில்லை, திகதி இல்லை. சந்தையில் வாங்கியதாம். முடி உதிரும், முகம் வெளுக்கும் என்று சொன்னார்களாம். மூன்று மாதமாகப் பூசியிருக்கிறார்.

நான் என் நாடியைத் தடவிக் காட்டினேன். “எனக்கும் நாலு முடி இருக்கு அக்கா. கத்திரியால வெட்டிட்டு வேலைக்குப் போறேன்.” அப்போதுதான் அக்கா சிரித்தார்.

ஏன் இப்படி வருகிறது?

அக்கா இருப்பது வெக்கையான ஊர். நான் இருப்பது குளிரும் மழையுமான மலை. இரண்டு பேருக்கும் ஒரே வயதில் ஒரே குறை வந்திருக்கிறது. ஆகவே காற்றும் குளிரும் மட்டும் காரணமில்லை. முக்கியமான காரணம் உடம்புக்கு உள்ளே இருக்கிறது.

பெரும்பாலான பெண்களுக்கு 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் மாதவிடாய் நின்றுவிடும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால் நின்றுவிட்டது என்று கணக்கு. இந்தக் காலத்தில் சூலகம் ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹோர்மோனைச் சுரப்பது மிகவும் குறைகிறது. எல்லாப் பெண்கள் உடம்பிலும் ஆண் ஹோர்மோனும் கொஞ்சம் உண்டு. அது ஈஸ்ட்ரஜன் அளவுக்கு வேகமாகக் குறைவதில்லை. தராசில் ஒரு தட்டு இறங்கினால் மற்றத் தட்டு உயர்ந்து நிற்பது போல, ஆண் ஹோர்மோனின் வேலை இப்போது கூடுதலாகத் தெரிகிறது. நாடியிலும் மேலுதட்டிலும் இருந்த பூனை மயிர் சிலது தடித்துக் கறுத்து வளர்கிறது. அதே நேரம் தலைமுடி மெலிந்து கொட்டும்.

தோலுக்கும் இதே கதைதான். தோலை ஈரமாகவும் உறுதியாகவும் வைத்திருப்பதில் ஈஸ்ட்ரஜனுக்குப் பங்கு உண்டு. அது குறையும்போது தோலின் எண்ணெய்ப் பசை குறையும். தோலுக்கு உறுதி கொடுக்கிற கொலாஜன் என்ற பொருள், மாதவிடாய் நின்ற முதல் ஐந்து வருசத்துக்குள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைகிறது என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். அதனால்தான் தோல் மெலிகிறது, அரிக்கிறது, சின்ன உரசலுக்கும் கிழிகிறது.

இது பாவமும் இல்லை, சாபமும் இல்லை. ஆம்பளையாகி விடுவதும் இல்லை. வயது வந்தபோது உடம்பு மாறியது போல, இது இன்னொரு மாற்றம்.

முடியை என்ன செய்யலாம்?

ஒன்றும் செய்யாமலே விடலாம். அதனால் உடம்புக்குக் கெடுதி இல்லை. எடுக்க விரும்பினால் வழிகள் உண்டு.

கத்திரி: நாலைந்து முடிதான் என்றால் சின்னக் கத்திரியால் தோலோடு ஒட்ட வெட்டினால் போதும். மச்சத்தில் வளரும் முடியையும் பிடுங்காமல் வெட்டுங்கள்.

சாவணம்: ஒவ்வொரு முடியாகப் பிடுங்கலாம். முதலில் சாவணத்தைக் கொதிநீரில் போட்டு எடுங்கள். பிடுங்கிய இடம் சிவந்து சீழ் பிடித்தால் அந்த முறையை நிறுத்துங்கள்.

நூல் போடுதல்: பழகியவர் கையால் செய்துகொள்ளலாம். வெடிப்பும் புண்ணும் உள்ள தோலில் வேண்டாம்.

சவரம்: இதுதான் செலவு குறைந்த வழி. ஆனால் இதற்குத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள். “சவரம் பண்ணினா முடி தடிச்சு வளரும்” என்று நம் அம்மாமார் சொன்னது உண்மையில்லை. மில்ட்றட் ட்ரொட்டர் என்ற அமெரிக்க உடற்கூற்று அறிஞர் இதை ஆராய்ந்து, சவரம் செய்வதால் முடி தடிப்பதோ வேகமாக வளர்வதோ இல்லை என்று 1928ஆம் ஆண்டிலேயே எழுதினார். முடியின் வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது. பிளேடு அதைத் தொடுவதில்லை. முடியின் நுனி கூராக இருக்கும், வெட்டிய இடம் மட்டையாக இருக்கும். அதனால் திரும்ப வளரும்போது கைக்குச் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். முகத்தை வெந்நீரில் நனைத்து, சவர்க்கார நுரையோ எண்ணெயோ பூசி, முடி வளர்கிற திசையிலேயே மெதுவாக எடுங்கள். கணவருடைய பிளேடு, மகனுடைய பிளேடு வேண்டாம். இரத்தத்தால் பரவுகிற நோய்கள் அதில் தொற்றலாம். உங்களுக்கென்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

முடி அகற்றும் கிறீம்: பூசினால் முடி கரைந்து வரும். ஆனால் வறண்ட தோலை எரிக்கும். முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

மஞ்சள் பூசுவது நம் வழக்கம். அதனால் முடி வளர்வது நிற்கும் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. தேசிக்காய்ச் சாறு பூசிக்கொண்டு வெயிலில் போகவே வேண்டாம். வெயில் பட்டால் அந்த இடம் வெந்து கறுத்துவிடும். சாம்பலாலும் கல்லாலும் தேய்ப்பது தோலை உரித்துப் புண்ணாக்கும்.

பெயரில்லாத டப்பா

அக்காவின் முகத்தைக் கெடுத்தது முடி இல்லை, அந்த டப்பாதான். முகம் வெளுக்கும் என்று விற்கிற சில பூச்சுகளில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கும். வைத்தியர் அளவு சொல்லிக் கொடுத்தால் அது நல்ல மருந்து. நாமாக முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிவக்கும், பரு போடும். இன்னொன்றும் நடக்கும்: பூசிய இடத்தில் முடி கூடுதலாக வளரும். முடி போக வேண்டும் என்று பூசினால், முடியே வளர்கிறது!

வேறு சில வெளுக்கும் பூச்சுகளில் பாதரசம் இருக்கும். அது தோலின் வழியாக உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும். 2013இல் உலக நாடுகள் செய்த மினமாட்டா உடன்படிக்கையில் இலங்கையும் சேர்ந்திருக்கிறது. அந்த உடன்படிக்கைப்படி, பாதரசம் கலந்த வெளுக்கும் பூச்சுகளைத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. அப்படியிருந்தும் பெயரில்லாத டப்பாவில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இப்படியானதை நீண்ட நாள் பூசியிருந்தால், டப்பாவையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் போங்கள். ஸ்டீரொயிட்டைத் திடீரென்று நிறுத்தினால் முகம் இன்னும் எரிந்து சிவக்கலாம். எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்வார்.

வறண்ட தோலுக்கு என்ன செய்யலாம்?

நம் வேலையே தோலுக்கு எதிரி. விடியற்காலைப் பனியில் ஈரக் கொழுந்து, கையில் கறை, மழையில் நனைந்த படங்கு, அட்டைக்காகக் காலில் பூசுகிற சவுக்காரம். வீட்டுக்கு வந்தால் விறகடுப்பின் சூடு. வேலையை மாற்ற முடியாது. ஆனால் கீழே உள்ளதைச் செய்யலாம்.

1. நல்ல சூட்டில் தண்ணீர் ஊற்றிக் குளிக்காதீர்கள். குளிருக்கு அது சுகம்தான், ஆனால் தோலின் எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். இளஞ்சூடு போதும்.

2. துணி தோய்க்கிற சவர்க்காரத்தை உடம்புக்குப் போடாதீர்கள். குளிக்கிற சவர்க்காரத்தையும் கக்கம், தொடையிடுக்கு, கால் என்று தேவையான இடங்களுக்கு மட்டும் போடுங்கள்.

3. அட்டைக்குப் பூசிய சவர்க்காரத்தை வேலை முடிந்து வந்தவுடன் கழுவிவிடுங்கள்.

4. துவாயால் உரசாமல் ஒற்றி எடுங்கள். தோல் ஈரமாக இருக்கும்போதே, இரண்டு மூன்று நிமிசத்துக்குள், தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் பூசுங்கள். எண்ணெய் தண்ணீரைக் கொண்டுவந்து தருவதில்லை, இருக்கிற ஈரம் போகாமல் மூடி வைக்கிறது. காய்ந்த தோலில் பூசுவதைவிட ஈரத் தோலில் பூசினால்தான் பலன் அதிகம்.

5. கை காலில் வெடிப்பு இருந்தால் இரவில் வாசலினைத் தடிப்பாகப் பூசி, பழைய பருத்தி மேசைப் போட்டுக்கொண்டு படுங்கள். கைக்கும் அப்படியே துணி சுற்றலாம்.

6. கம்பளிச் சட்டை நேராகத் தோலில் பட்டால் அரிப்பு கூடும். உள்ளே ஒரு பருத்திச் சட்டை போடுங்கள்.

7. மருந்தடித்த மலையில் வேலை செய்தால் சாப்பிடுவதற்கு முன்னும் வீட்டுக்கு வந்ததும் கையை நன்றாகக் கழுவுங்கள். வெடித்த தோலில் மருந்து சுலபமாக இறங்கும்.

இன்னொரு வறட்சியையும் சொல்ல வேண்டும். பிறப்புறுப்பிலும் இந்தக் காலத்தில் ஈரம் குறையும். கணவரோடு சேரும்போது நோவு, சிறுநீர் போகும்போது எரிச்சல் வரலாம். பலர் இதை மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சண்டையில் முடிக்கிறார்கள். இதற்கு மருந்து உண்டு. மிஸ்ஸியிடம் சொன்னால் போதும், அவருக்கு இது புதுசில்லை. ஆண்களும் இதைப் படியுங்கள். மனைவி விலகுவது வெறுப்பினால் இல்லை, நோவினால் இருக்கலாம்.

எப்போது கட்டாயம் வைத்தியரிடம் போக வேண்டும்?

முடி மெதுவாக, வருசக் கணக்கில் வந்தால் பயமில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம்.

முடி ஒரு சில மாதத்துக்குள் முகம், நெஞ்சு, வயிறு என்று வேகமாகப் பரவுவது. அதோடு குரல் தடிப்பது, ஆண்களைப் போல முன் தலை வழுக்கையாவது. சூலகத்திலோ சிறுநீரகத்துக்கு மேலே உள்ள சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வறட்சியோடு அதிகக் குளிர், களைப்பு, மலச்சிக்கல், உடம்பு பருத்தல். தைரொயிட் குறைவாக இருக்கலாம்.

உடம்பெல்லாம் அரிப்பு, தாகம், அடிக்கடி சிறுநீர். நீரிழிவைப் பார்க்க வேண்டும்.

மாதவிடாய் நின்று ஒரு வருசத்துக்குப் பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும். “திரும்ப வந்திருக்கு, நல்லதுதான்” என்று இருந்துவிடாதீர்கள். கருப்பையில் புற்றுநோய் உண்டா என்று உடனே பார்க்க வேண்டும்.

40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுபோவது.

வலிப்புக்கோ வேறு நோய்க்கோ குளிசை எடுப்பவர்கள் அதையும் காட்டுங்கள். சில குளிசைகளாலும் முடி வளரும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எங்கே போவது? இலங்கையில் 1996 முதல் பெண்களுக்கென்றே வெல் வுமன் கிளினிக் நடக்கிறது. சுகவனிதையர் கிளினிக் என்றும் சொல்வார்கள். 35 வயதைத் தாண்டிய பெண்களுக்கு அங்கே பிரசர், நீரிழிவு, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். எந்த நாளில் நடக்கிறது என்று உங்கள் மிஸ்ஸியிடமோ டிஸ்பென்சரியிலோ கேளுங்கள்.

அக்காவும் அப்படித்தான் போனார். டாக்டர் அந்தப் பூச்சைப் படிப்படியாக நிறுத்த வைத்தார். முகம் தெளிய மாதக்கணக்கானது. முடிக்கு ஒரு சின்னக் கத்திரி, தோலுக்குத் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான் செலவு. மகளின் கலியாணத்தன்று தாரை வார்க்கும்போது அக்கா சபையில்தான் நின்றார். முந்தானை தோளில் இருந்தது, வாயில் இல்லை.

உங்கள் லயத்திலும் வாயை மூடிக்கொண்டு பேசுகிற ஒரு அக்கா இருப்பார். இந்தப் பக்கத்தை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.